கோத்தகிரி வீட்டின் ஷிங்கிள்ஸ் கூரை: ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதா, முழுவதும் மாற்றுவதா?

கோத்தகிரி_மருமகள்
14 நவம்பர், இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் அரவேணு சாலைக்கு மேலே எங்கள் வீடு. மாமனார் 2006-இல் பழைய தகரக் கூரையைக் கழற்றிவிட்டு, இரும்பு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) மேல் பிளைவுட் பரப்பிச் சிவப்பு ஷிங்கிள்ஸ் (தாரும் கல்துகளும் ஒட்டிய கூரைத் துண்டுகள்) போட்டார். இப்போது பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவரும் இல்லை, அன்று வேலை செய்த ஆட்களும் இல்லை.

இந்த ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்ததில், கூடத்தில் புகைபோக்கிக்குப் பக்கத்துச் சுவர் ஊறி, சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது. அங்கேதான் மாமியாரின் கட்டில் இருந்தது. இன்னொரு விஷயம்: குளியலறையை ஒட்டிய படுக்கையறையில், மழையே இல்லாத காலைகளிலும் சீலிங்கில் துளித்துளியாக நீர் நிற்கிறது. வடக்குச் சாய்வு முழுவதும் பச்சைப் பாசி. தெற்குச் சாய்வு சுத்தமாக இருக்கிறது.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர், பழைய ஷிங்கிள்ஸ் மேலேயே புதியதை அடித்துப் பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். இரண்டாமவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வண்ணத் தகர ஷீட் போடச் சொல்கிறார். மூன்றாமவர் மேலே ஒரு ரசாயனப் பூச்சு பூசினால் போதும் என்கிறார். முதல் ஆள் அடுத்த வாரமே தொடங்கலாம் என்று முன்பணம் கேட்கிறார். மாமியாருக்கு 74 வயது, மூச்சிரைப்பு உண்டு. நகைக்கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். ஒரு முறை செய்தால் அது நிற்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

---

வட்டக்கானல்_வாசி
14 நவம்பர், இரவு 10.05

முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலில் நாங்கள் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். 2018-இல் கஜா புயல் மலைமேல் ஏறி வந்தபோது யூக்கலிப்டஸ் மரங்கள் விழுந்து எங்கள் கூரையின் ஒரு பக்கம் போய்விட்டது. முழுவதும் புதிய ஷிங்கிள்ஸ் போட்டோம். அடுத்த ஆண்டு மழையில், முன்பு ஒழுகிய அதே இடத்தில், அதே அளவு ஒழுகியது. காரணம் என்ன தெரியுமா? ஷிங்கிள்ஸை மாற்றினார்கள். புகைபோக்கியைச் சுற்றியிருந்த நீர் இறங்காமல் தடுக்கும் பழைய தகர மடிப்பை மாற்றாமல், அதன் மேல் சிமென்ட்டை அப்பிவிட்டுப் போனார்கள். சிமென்ட் வெயிலில் விரிந்து விரிசல் விட்டது. கூரைக்குச் செலவிட்ட பணம் அத்தனையும் ஒரு விரல் அகல விரிசலில் போயிற்று.

---

நியூஜெர்சி_தமிழன்
15 நவம்பர், காலை 6.40

பூர்வீகம் குன்னூர், இருபது ஆண்டுகளாக இங்கே வீட்டுப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இந்த நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு ஷிங்கிள்ஸ்தான் கூரை. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஷிங்கிள்ஸ் என்பது கண்ணாடி இழைப் பாய். அதன் இரு புறமும் தார், மேல்புறத்தில் கல்துகள். துகள் அழகுக்காக ஒட்டியதல்ல. தாரை வெயிலிலிருந்து காப்பது அதுதான். துகள் உதிர்ந்தால் தார் வெயிலில் காய்ந்து இறுகும், பிறகு நொறுங்கும். சாதாரண வகை பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் நிற்கும், இரண்டு அடுக்காக ஒட்டிய கனமான வகை இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாக நிற்கும். உங்களுடையது முதல் வகையானால் அதன் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆனால் ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியவை: மழைநீர் வாய்க்காலில் மணல்போலத் துகள் சேர்கிறதா, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கின்றனவா, ஒரு துண்டை மெல்லத் தூக்கி வளைத்தால் வளைகிறதா முறிகிறதா, ஆணித்தலைகள் மேலே எழும்பியிருக்கின்றனவா.

பழையதன் மேல் புதியதை அடிப்பது பற்றி: இங்கே விதிகள் பொதுவாக இரண்டு அடுக்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஒரு முறை அப்படிச் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் அடியில் பலகை ஊறியிருந்தால் அதுவும் செய்யக் கூடாது. உங்களுக்கு ஒழுகியிருக்கிறது. அடிப்பலகையைப் பார்க்காமல் அதன் மேல் இன்னொரு அடுக்கு எடையை ஏற்றுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதுதான். அந்த யோசனையை இன்றே விட்டுவிடுங்கள்.

பூச்சு வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஷிங்கிள்ஸின் இடுக்குகளை அது அடைத்துவிடும், உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் பலகையில் தங்கும்.

---

லவ்டேல்_தச்சர்
15 நவம்பர், மதியம் 1.30

அம்மா, என் அப்பா வெலிங்டன், லவ்டேல் பக்கத்துப் பங்களாக்களுக்கு மரவேலை செய்தவர். நான் முப்பது ஆண்டுகளாகக் கூரை வேலையில் இருக்கிறேன். ஓடு, தகரம், ஷிங்கிள்ஸ் மூன்றும் செய்திருக்கிறேன்.

நீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. மேலே எங்கோ நுழைந்து, பலகையின் அடிப்பக்கமாக ஓடி, ட்ரஸ் கம்பி குறுக்கே வரும் இடத்தில் சொட்டும். ஆகவே யாரிடமும் பேரம் பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். மழை விட்ட ஒரு நாள், ஒருவர் டார்ச்சோடு சீலிங்குக்கு மேலே பரணில் இருக்கட்டும். இன்னொருவர் ஏணியில் நின்று குழாயால் நீர் விடட்டும். கீழ் விளிம்பில் தொடங்குங்கள். ஓர் இடத்தில் பத்து நிமிடம் விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு முழம் மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் கூரை முழுவதும் நனைந்து, எந்த இடம் என்று கடைசிவரை தெரியாது. புகைபோக்கியின் கீழ்ப்பக்கம், இரண்டு ஓரங்கள், மேல்பக்கம் என்று தனித்தனியாகச் சோதியுங்கள். ஏணியில் நிற்பவர் கூரையில் கால் வைக்கக் கூடாது. பாசி நனைந்தால் சோப்புப் போல வழுக்கும்.

பரணில் இருப்பவர் ஒரு திருப்புளியை எடுத்துப் போகட்டும். பிளைவுட்டில் அங்கங்கே குத்திப் பார்த்தால் நல்லது எது, ஊறியது எது என்று கை சொல்லிவிடும்.

மழையில்லாத காலையில் சொட்டுகிறது என்றீர்களே, அது ஒழுக்கு இல்லை என்றே நினைக்கிறேன். குளியலறை வெந்நீர் ஆவி எங்கே போகிறது என்று பாருங்கள்.

---

தேவாலா_மழைக்காரன்
15 நவம்பர், மாலை 5.15

நான் தகர ஷீட்டுக்காகப் பேசுகிறேன். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கத்தில் ஆனி பிறந்தால் ஆவணி வரை மழைதான். எங்கள் ஊரில் யாரும் ஷிங்கிள்ஸை நம்பி வீடு கட்டுவதில்லை. வண்ணம் பூசிய அரை மில்லிமீட்டர் ஷீட், நீளவாக்கில் ஒரே துண்டாக உச்சியிலிருந்து விளிம்பு வரை வந்தால், நடுவில் இணைப்பே கிடையாது. ஒழுக இடம் ஏது? பாசி பிடித்தாலும் கழுவிவிடலாம். குரங்கு பிய்க்க முடியாது. நகைக்கடன் வாங்கிச் செய்கிறவர்கள் நீண்ட நாள் நிற்பதைத்தான் தேட வேண்டும், சகோதரி.

---

வட்டக்கானல்_வாசி
15 நவம்பர், மாலை 6.02

ஷீட்டில் ஒழுக இடமில்லை என்பதை ஏற்க முடியாது. ஒவ்வொரு திருகாணியின் கீழும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது வெயிலில் காய்ந்து வெடித்தால் ஒவ்வொரு துளையும் ஒழுகும். எங்கள் விறகுக் கொட்டகையில் அதுதான் நடந்தது. மேலும் குளிர் இரவில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்துக் கொட்டும். அடியில் வெப்பக்காப்பு வைக்காமல் தகரம் போட்டால் மூச்சிரைப்பு உள்ளவருக்கு அந்த ஈரம் ஆகாது.

---

கோத்தகிரி_மருமகள்
15 நவம்பர், இரவு 8.48

தகரம் பற்றி மாமியாரிடம் கேட்டேன். முப்பது ஆண்டுகள் தகரத்தின் கீழ் வாழ்ந்தவர். “மழை பிடித்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, குழந்தைகள் தூங்க மாட்டார்கள். உன் மாமனார் ஷிங்கிள்ஸ் போட்ட அன்று இரவு மழை வந்தது. மழை பெய்கிறதா இல்லையா என்று எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன்” என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தகரம் போட மனம் வரவில்லை. தேவாலா அண்ணன் தவறாக நினைக்க வேண்டாம்.

---

தேவாலா_மழைக்காரன்
15 நவம்பர், இரவு 9.10

தவறாக நினைக்கவில்லை. அவர்கள் நிம்மதியாகத் தூங்குவதுதான் முக்கியம்.

---

கோத்தகிரி_மருமகள்
23 நவம்பர், மாலை 4.30

ஒரு வாரமாக மழை விடவில்லை. நேற்றுதான் வெயில் வந்தது. கணவர் கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் தச்சர் ஐயா சொன்னபடியே சோதித்தோம்.

கீழ் விளிம்பில் ஒன்றுமில்லை. புகைபோக்கியின் கீழ்ப்பக்கமும் இரண்டு ஓரங்களும் காய்ந்தே இருந்தன. மேல்பக்கத்தில் நீர் விட்ட நான்காவது நிமிடம் பரணில் என் கைமேல் சொட்டியது. புகைபோக்கிக்குப் பின்னால் சைப்ரஸ் இலையும் மண்ணும் சேர்ந்து ஒரு சிறு குளம் போல நீர் தங்குகிறது. அங்கே இரண்டு பிளைவுட் பலகைகள் பொதபொதவென்று இருக்கின்றன. திருப்புளி உள்ளே போய்விட்டது.

படுக்கையறை விஷயம் எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. குளியலறையின் காற்றாடிக் குழாய் வெளியே போகவே இல்லை. பரணுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். கீசர் போட்டுக் குளிக்கும் ஆவி முழுவதும் பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் தலைமேல்தான் நிறைந்திருக்கிறது. இரவுக் குளிரில் ஆணி முனைகளில் நீர் கோத்து நிற்கிறது.

அப்படியானால் புகைபோக்கியைச் சரிசெய்து, குழாயை வெளியே திருப்பி, பாசி பிடித்த வடக்குச் சாய்வை மட்டும் மாற்றினால் போதுமா?

---

லவ்டேல்_தச்சர்
23 நவம்பர், இரவு 7.55

குழாயை நாளைக்கே திருப்பிவிடுங்கள். அதற்கு மழைக்காலம் தடையில்லை.

ஆனால் வடக்குச் சாய்வுதான் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அம்மா. இது பலரும் ஏமாறும் இடம். பாசி கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும். அது ஓரங்களைத் தூக்கி நீரைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை. ஆனாலும் நிழலில் இருக்கும் தார் இளகலாகவே இருக்கும். சுத்தமாகத் தெரியும் தெற்குச் சாய்வுதான் வெயிலைத் தாங்கியது. நாம் ஆறாயிரம் அடியை ஒட்டி இருக்கிறோம். குளிர்கிறது என்பதால் வெயில் குறைவு என்று நினைக்கிறோம், ஆனால் உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும். ஏணியை வைத்து இரண்டு பக்கத்திலும் ஒரு துண்டைத் தூக்கி வளைத்துப் பாருங்கள். காலைக் குளிரில் வேண்டாம், நல்லதும் முறிந்துவிடும். மதியம் பாருங்கள்.

---

கோத்தகிரி_மருமகள்
24 நவம்பர், பிற்பகல் 2.20

வடக்கில் வளைந்தது. தெற்கில் மூன்று இடத்தில் தூக்கிப் பார்த்தோம், மூன்றும் அப்பளம்போல முறிந்தன. வாய்க்காலில் ஒரு சொளகு நிறையச் சிவப்புத் துகள்.

---

நியூஜெர்சி_தமிழன்
24 நவம்பர், இரவு 8.15

அப்படியானால் முழுவதும் மாற்றுவதுதான் சரி. ஒரு பக்கத்துக்கு இன்று சாரம் கட்டி, மறுபக்கத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து மீண்டும் சாரம் கட்டினால் கூலி இரட்டிப்பு. உச்சி மூடுதுண்டுகளையும் இரு முறை பிரிக்க வேண்டும்.

---

குன்னூர்_ஆசிரியர்
24 நவம்பர், இரவு 9.00

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரு இடைக்கேள்வி. எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது. அதை உடைத்து எடுத்துவிட்டு ஷிங்கிள்ஸ் போடலாமா?

---

நியூஜெர்சி_தமிழன்
24 நவம்பர், இரவு 9.25

தயவுசெய்து உடைக்காதீர்கள், ஐயா. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். நீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். துளையிடவோ அறுக்கவோ கூடாது. தகுந்த முகக்கவசம் அணிந்த, பழக்கமுள்ள ஆட்களே செய்ய வேண்டும். இறக்கியதைத் தடித்த பாலித்தீனில் சுற்றி வையுங்கள், தோட்டத்தில் குவிக்க வேண்டாம். ஒழுகாமல் உறுதியாக இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

---

கோத்தகிரி_மருமகள்
26 நவம்பர், காலை 11.10

முதல் ஆள் இன்றும் அழைத்தார். டிசம்பரில் செய்தால் விலை குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். மாமியாரைப் பார்க்கும்போது இப்போதே செய்துவிடலாமா என்று தோன்றுகிறது.

---

லவ்டேல்_தச்சர்
26 நவம்பர், மதியம் 12.45

வேண்டவே வேண்டாம். தொட்டபெட்டாவின் மறைவில் இருப்பதால் உங்கள் பக்கத்துக்கு ஆடி மழை குறைவு. உங்களுக்கு உண்மையான மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அது மார்கழி வரை நீளும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். திறந்த கூரையோடு அப்படி ஒரு நாள் வந்தால் வீடே போய்விடும்.

தையில் மழை இருக்காது, ஆனால் உறைபனி. ஷிங்கிள்ஸின் அடியில் ஒரு பசைக்கோடு இருக்கிறது. வெயிலில் இளகி, கீழ் அடுக்கோடு ஒட்டிக்கொண்டால்தான் காற்றுக்கு நிற்கும். குளிரில் ஒட்டாது. ஆட்கள் ஆணி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், முதல் பெருங்காற்றில் ஓரங்கள் பறக்கும். மாசிக் கடைசியும் பங்குனியும்தான் நமக்கான காலம். வெயில் இருக்கும், கோடை மழை இன்னும் வலுத்திருக்காது. சித்திரை பிறந்துவிட்டால் சீசன் கூட்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து சரக்கு லாரி ஏறி வருவதும் தாமதம், ஆட்களும் கிடைக்க மாட்டார்கள்.

அதுவரை ஒரு தடித்த தார்ப்பாயைப் புகைபோக்கிக்கு மேலே உச்சியைத் தாண்டி மறுபக்கம் விழும்படி போடுங்கள். கூரையில் ஆணி அடிக்காமல், இரு முனைகளையும் ரீப்பர் கட்டையில் சுருட்டி, கயிற்றால் கீழே இழுத்துக் கட்டுங்கள். புகைபோக்கிக்குப் பின்னால் இருக்கும் குப்பையை முதலில் அள்ளுங்கள், பாதி ஒழுக்கு அதிலேயே நிற்கும். கட்டிலையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

---

நியூஜெர்சி_தமிழன்
27 நவம்பர், காலை 7.05

தச்சர் ஐயா சொன்ன பசைக்கோடு மிக முக்கியம். காற்று மோதும் மேட்டு வீடானால் ஒரு துண்டுக்கு நான்கு ஆணி போதாது, ஆறு கேளுங்கள். ஆணி அகன்ற தலையோடு, துத்தநாகம் பூசியதாக, குறித்த கோட்டிலேயே இறங்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுதிவாங்க வேண்டியவை சில. பழையதை முழுவதும் பிரித்துப் பலகையை உங்களுக்குக் காட்டிய பிறகே மூட வேண்டும். ஊறிய பிளைவுட்டுக்குப் பதில் நீர் தாங்கும் கடல்தரப் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். பலகைகளுக்கு இடையே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் உப்பி மேடு தட்டும். புகைபோக்கியைச் சுற்றியும் விளிம்புகளிலும் தானே ஒட்டும் நீர்த்தடுப்புப் படலம். புகைபோக்கியின் ஓரங்களில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தகர மடிப்பு, படிக்கட்டுப் போல. அதன் மேல் இன்னொரு தகரம் செங்கல் இடுக்கில் செருகப்பட வேண்டும். பின்பக்கம் இரு புறமும் நீரைப் பிரித்துவிட ஒரு சிறு முகடு கட்டச் சொல்லுங்கள். உங்கள் குளத்துக்கு அதுதான் தீர்வு.

பிறகு காற்றோட்டம். பரணின் தரைப் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு திறப்பு, பாதி விளிம்பின் அடியில், பாதி உச்சியில். மூடுபனி உள்ளே வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். உள்ளே வருகிற ஈரத்தைவிட வீட்டிலிருந்து மேலே ஏறும் ஈரம்தான் அதிகம். திறப்புகளுக்கு வலை வையுங்கள், எலியும் வௌவாலும் வராது.

அளவு பற்றி: நம் ஊர் ஆட்கள் சொல்லும் ‘சதுரம்’ நூறு சதுர அடி. இங்கும் கூரைக்காரர்கள் அதே நூறு சதுர அடிக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். உங்கள் கூரையின் தரைநிழல், அதாவது அது மூடும் தரைப் பரப்பு, எவ்வளவு?

---

கோத்தகிரி_மருமகள்
27 நவம்பர், இரவு 8.30

விளிம்போடு சேர்த்து 1,300 சதுர அடி. இரண்டடி கிடைக்கு ஓரடி உயரம் என்ற சாய்வு. ஒருவர் 13 சதுரம் என்றும், இன்னொருவர் 20 சதுரம் என்றும் எழுதியிருக்கிறார்.

---

நியூஜெர்சி_தமிழன்
28 நவம்பர், காலை 6.50

இரண்டுமே தவறு. அந்தச் சாய்வுக்குத் தரைப் பரப்பை 1.12-ஆல் பெருக்க வேண்டும். 1,456 சதுர அடி, அதாவது பதினான்கரைச் சதுரம். வெட்டுச் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் பதினாறு. ஒரு சதுரத்துக்குப் பொதுவாக மூன்று கட்டு, ஆக 48 கட்டு. உச்சித் துண்டுகள் தனி. இந்தக் கணக்கை அவர்கள் முன்னால் போட்டுக் காட்டுங்கள். அதன் பிறகு பேச்சு மாறும்.

---

கோத்தகிரி_மருமகள்
29 மார்ச், இரவு 9.40

பங்குனி பாதியில் வேலை முடிந்தது. பதினொரு நாட்கள். தச்சர் ஐயா ஒரு நாள் பஸ் பிடித்து வந்து பலகைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கூலி வாங்க மறுத்துவிட்டார். நன்றி என்ற ஒரு சொல் அதற்குப் போதாது.

பிரித்துப் பார்த்ததில் மாற்ற வேண்டியிருந்தது ஏழு பலகைகள். புகைபோக்கியின் பின்னால் நான்கு, குளியலறைக்கு மேலே மூன்று. அந்த மூன்றும் மழையால் ஊறியவை அல்ல, ஆவியால் ஊறியவை. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. மேலேயே அடித்து மூடியிருந்தால் அவை உள்ளே மக்கிக்கொண்டே இருந்திருக்கும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே இருபுறமும் ஒரு செம்புப் பட்டை வைத்திருக்கிறோம். மழைநீரில் செம்பு சிறிது கரைந்து வழிவதால் பாசி பிடிப்பது குறையும் என்றார்கள். இலையைத் தள்ள மெல்லிய துடைப்பம் மட்டும்தான். அழுத்தக் குழாயால் அடித்தால் துகள் போய்விடும் என்று கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

---

தேவாலா_மழைக்காரன்
30 மார்ச், காலை 8.10

மிக்க மகிழ்ச்சி. செம்பு நீர் மழைநீர்த் தொட்டிக்குப் போகிறதா? போனால் மீன் வளர்க்க வேண்டாம், குடிக்கவும் வேண்டாம்.

---

கோத்தகிரி_மருமகள்
30 மார்ச், காலை 9.00

துணி துவைக்கவும் கழுவவும் மட்டும்தான் அண்ணா. சொன்னதற்கு நன்றி.

---

கோத்தகிரி_மருமகள்
9 நவம்பர், அதிகாலை 3.15

நேற்று மாலை பிடித்த மழை இன்னும் விடவில்லை. தூக்கம் வராமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினேன். புகைபோக்கியின் நான்கு பக்கமும் கையால் தடவிப் பார்த்தேன். பலகை காய்ந்து, மர வாசனையோடு இருக்கிறது. குளியலறைக்கு மேலே ஒரே ஓர் ஆணி முனையில் மட்டும் சிறு துளி. அதைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், வெயில் வந்ததும் பார்க்க வேண்டும்.

கீழே இறங்கும்போது மாமியார் விழித்துக்கொண்டார். கட்டில் மீண்டும் புகைபோக்கிப் பக்கத்துக்கே வந்துவிட்டது. “வெளியே மழை பெய்கிறதா?” என்று கேட்டார்.